'உன்னைப்போல் ஒருவன்' எங்கே கிடைக்கும்? மஞ்சக்குப்பத்துக் கேள்விக்கு ஒரு பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாத்தா வாலிப வயதில் சென்னையில் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அப்போது ஜெயகாந்தன் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைப் பார்த்தாராம். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார். போட்டுக்காட்டலாம் என்று தேடினால் கமல் நடித்த படம்தான் வருகிறது. சிடி, டிவிடி எதுவும் இல்லை. பழைய நல்ல படங்கள் ஏன் இப்படிக் கிடைக்காமல் போகின்றன? ஐயா, எங்கே போய்த் தேடுவது?"

தம்பி, நான் புதுச்சேரியில் 1986-லிருந்து பத்தொன்பது வருடம் வீடியோ கேசட் கடை நடத்தியவன். கடையை மூடிய பிறகும் பழைய படம் தேடுகிற வேலையை நிறுத்தவில்லை. முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை உங்கள் தாத்தாவுக்கு வீட்டில் போட்டுக்காட்ட, எனக்குத் தெரிந்தவரை, இன்று வழியில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் என் கல்லாவைத் தாண்டிப் போன ஆயிரக்கணக்கான கேசட்டுகளில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. விசிடி காலத்திலும் வரவில்லை, டிவிடி காலத்திலும் வரவில்லை.

தாத்தா பார்த்தது எப்பேர்ப்பட்ட படம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது உங்கள் மஞ்சக்குப்பத்தில்தான். சேரியில் வாழும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவள் வாழ்க்கைக்குள் வருகிற கிளி ஜோசியன் மாணிக்கம் என்று தானே எழுதிய கதையைத் தானே படமாக எடுத்தார். 1964-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படமாக அது தேர்வானது. அந்த ஆண்டு முதலிடம் சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்கு, இரண்டாமிடம் சேத்தன் ஆனந்தின் 'ஹகீகத்'துக்கு. அந்த இரண்டையும் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாவதாக நின்ற நம் ஊர்க்காரர் படம் மட்டும் கைக்கு எட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இது ஏன் நடந்தது என்பதற்குப் படப்பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு எத்தனை பிரதி போடுவது என்பதை ஏரியா வியாபாரம்தான் முடிவு செய்யும். நம் பக்கத்தை என்.எஸ்.சி. ஏரியா என்பார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது. கடலூரும் புதுச்சேரியும் அதற்குள் அடக்கம். பெரிய நடிகர் படமென்றால் ஏரியாவுக்குப் பல பெட்டிகள் இறங்கும். முதலில் பெரிய ஊர்கள், பிறகு சின்ன ஊர்கள், கடைசியில் டூரிங் கொட்டகை என்று ஒவ்வொரு பெட்டியும் வருடக்கணக்கில் சுற்றும். அறுபது இடத்தில் ஒட்டுப்போட்டு, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்து, எங்கேயாவது ஒரு மூலையில் போய்ச் சேரும். ஆனால் அப்படி நிறையப் பிரதி சுற்றியதாலேயே ஏதோ ஒன்று தப்பிப் பிழைக்கும். பாட்டு, சண்டை, நட்சத்திரம் எதுவும் இல்லாத தனியாள் தயாரிப்பை விநியோகஸ்தர் தொடமாட்டார். நாலைந்து பிரதி போட்டாலே பெரிய விஷயம். அவை போனால் எல்லாம் போச்சு.

விநியோக உரிமைக்கு ஐந்து வருடம், ஏழு வருடம் என்று கெடு உண்டு. கெடு முடிந்த பிரதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கறுப்பு வெள்ளை பிலிமில் படம் நிற்பதே வெள்ளித் துகள்களால்தான். பழைய பிலிமை எடைக்கு வாங்கி, கழுவி, வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்கள் இருந்தார்கள். கலர் பிரதியில் சாயம்தான் மிஞ்சும், வெள்ளி அனேகமாக இருக்காது. கறுப்பு வெள்ளைப் படங்கள் அதிகமாக அழிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கலர் படங்களுக்கு வேறு நோய். நீலமும் பச்சையும் வெளிறி, மொத்தப் படமும் செம்மண் நிறமாகிவிடும்.

அதற்கும் முந்திய படங்கள் நைட்ரேட் பிலிமில் எடுத்தவை. 1950-களின் தொடக்கம் வரை அதுதான் புழக்கத்தில் இருந்தது. சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் சேமிப்பில் இருந்த நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோனது உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. பாகவதருக்குப் பெரும் புகழ் தந்த 'சிந்தாமணி' (1937) இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான 'சேவாசதனம்' (1938) இல்லை. நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் பிலிம் சுலபத்தில் தீப்பிடிக்காது, ஆனால் புழுக்கத்தில் வைத்தால் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறும். நம்முடைய கடலோர ஈரக்காற்றில், தகரக் கூரை கோடவுனில் கிடந்த பிலிமுக்கு என்ன கதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுவயதில் நாங்கள் பிலிம் துண்டு சேர்ப்போம். ஃப்யூஸ் போன பல்பைக் காலி செய்து தண்ணீர் நிரப்பி, முன்னால் துண்டை வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறையில் தாத்தா வேட்டிமேல் படம் காட்டுவோம். ஆபரேட்டர் அறைக்குப் பின்னால் பொறுக்கிய துண்டுகள் அவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிரதியிலிருந்து குறைந்துபோன அரை நொடி என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

'இல்லை' என்பதும் 'கிடைக்கவில்லை' என்பதும் வேறு வேறு, தம்பி. தேடுகிறவர்கள் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மேலே சொன்ன 'காளிதாஸ்', 'சிந்தாமணி', 'சேவாசதனம்' மூன்றும் இல்லாதவை. 'தியாகபூமி' (1939) அப்படியல்ல. கல்கி எழுதி, கே. சுப்ரமணியம் இயக்கி, ஆங்கிலேய அரசு தடைசெய்த படம். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அதன் பிரதி இருக்கிறது. அந்தக் காப்பகம் 1964-ல் தொடங்கியது. பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராகப் போய்ச் சுருள் சேர்த்து வளர்த்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) மௌனப்படம் பிழைத்த கதை இன்னும் விசேஷம். நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரத்துப் புத்தகக் கடைக்காரர் பதிப்புரிமை வழக்குப் போட்டார், படம் ஓடாமல் நின்றது, சுருள் பதிப்பகத்தின் கையிலேயே தங்கியது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். பல வருடம் கழித்து நாயர் அதை மீட்டுக் காப்பகத்தில் சேர்த்தார். காப்பகத்தில் ஒரு படம் இருந்தால் ஆராய்ச்சிக்காக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி அங்கேயே போய்ப் பார்க்கலாம். வீட்டுக்கு டிஸ்க் தரமாட்டார்கள்.

பாட்டு மட்டும் பிழைத்த படங்கள் தனி வகை. இவற்றின் மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட ஏக்கமே உண்டு. 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' கேட்டிருப்பீர்கள். பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடியது. எழுதியவர் அதே ஜெயகாந்தன், இசை எம்.பி. ஸ்ரீனிவாசன். 'சின்னச் சின்ன மூக்குத்தியாம்' கே.சி.எஸ். அருணாசலம் எழுதி டி.எம்.எஸ். பாடியது. இரண்டும் 'பாதை தெரியுது பார்' (1960) படத்துப் பாடல்கள். வங்காளத்திலிருந்து வந்து சென்னையில் ஒளிப்பதிவாளர்களுக்குச் சங்கம் கட்டிய நிமாய் கோஷ் இயக்கிய படம் அது. பிற்பாடு இயக்குநராகப் பெயரெடுத்த கே. விஜயன்தான் நாயகன். தொழிலாளர் பக்கம் நின்று எடுத்த படம், இடதுசாரித் தோழர்கள் பலர் பணம் போட்டது. சின்ன வயதில் ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அந்த ஊஞ்சல் எப்படி இருக்கும், ஆடுகிறவள் யார் என்று யோசிப்பேன். இந்த வயதிலும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. 'அவள் அப்படித்தான்' எடுத்த ருத்ரய்யாவின் அடுத்த படம் 'கிராமத்து அத்தியாயம்' (1980). 'ஆத்து மேட்டுல' பாட்டை இளையராஜா ரசிகர்கள் மனப்பாடமாகப் பாடுவார்கள். படத்தைப் பார்த்தவர்களைச் சொல்லுங்கள் என்றால் பத்துப் பேர் தேறமாட்டார்கள். கே. ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' (1982) கதையும் கிட்டத்தட்ட இதேதான். எல்.வைத்தியநாதன் இசையில் முழுக்க முழுக்க பாரதி பாடல்கள், ரகுவரனுக்கு நாயகனாக முதல் படம். 'காக்கைச் சிறகினிலே' எல்லா வீட்டிலும் ஒலித்தது. அந்தப் பாட்டுக் கேசட் எங்கள் கடையில் வந்த வேகத்தில் தீரும். படம் வேண்டுமென்று கேட்டு வந்தவர்களை மட்டும் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் அனுப்பினேன். பாரதி பத்து வருடம் வாழ்ந்த ஊரிலேயே இந்த நிலை.

புதுச்சேரிக்காரனாக நான் பாவேந்தரைச் சொல்லாமல் விடமுடியாது. பாரதிதாசன் சினிமாவில் எவ்வளவு வேலை செய்தார் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர்கள் சேர்ந்து உழைத்த 'ராமானுஜர்' (1938) படத்துக்குப் பாட்டெழுதினார். நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாயகனாக நடித்து எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' (1940) படத்திலும் அவர் எழுத்து உண்டு. 'எதிர்பாராத முத்தம்' காவியம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் 'பொன்முடி' (1950) ஆனது, அதையும் டங்கன்தான் இயக்கினார். அடுத்து 'வளையாபதி' (1952). கடைசியில் தன் 'பாண்டியன் பரிசு' காவியத்தைப் படமாக்க வேண்டுமென்ற ஆசையில் சென்னைக்குக் குடிபோனார். அது நடக்காமலேயே 1964 ஏப்ரலில் காலமானார். இவற்றில் 'பொன்முடி'யை நான் பார்த்திருக்கிறேன், ஜி. ராமநாதனே நாயகனுக்காகப் பாடியிருப்பார். 'ராமானுஜரை'யும் 'கவி காளமேக'த்தையும் எந்த வடிவிலும் நான் பார்த்ததில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை இசைத்தட்டில் கேட்கலாம். அவர் நடந்து, பேசி, நடித்த உருவத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. பெருமாள் கோவில் தெருவில் பாவேந்தர் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவருகிறார்கள். அவர் எழுதிய ஒரு படத்தின் பத்து நிமிடத்தை அங்கே ஓடவிட்டால் அந்தப் பிள்ளைகள் நகரமாட்டார்கள். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதே கைகள் எழுதிய படங்களுக்குத்தான் ஆளில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். 1965-ல் வெளியான 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. மூலக்கதைக்குத் தனி உரிமை, எழுதியவர் மறைந்து 60 வருடம் வரை. ஆனால் உரிமைக் காலம் முடிந்ததால் படம் கைக்கு வந்துவிடாது. நெகடிவ் இருக்க வேண்டுமே! தயாரிப்பாளர் பிலிம் கழுவிப் பிரதி போடும் லேபுக்குப் பாக்கி வைத்திருப்பார், நெகடிவ் லேபிலேயே நிற்கும். லேப் மூடும், வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை வரும், ரசீது தொலையும். எத்தனையோ படங்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தன.

கேசட் காலம் வந்தபோது எல்லாம் மீண்டு வரும் என்று நம்பினோம். ஒரு ராத்திரிக்குக் கேசட் ஓட்டும் டெக்கும் கலர் டிவியும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த காலம். மக்கள் கேட்டது எம்.ஜி.ஆர்., சிவாஜி, புதுப்படம். கம்பெனிகளும் அதையே போட்டன. பிறகு விசிடி, டிவிடி. 2007-ல் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் கொண்டுவந்தபோது பழைய படங்கள் கொஞ்சம் வெளிவந்தன. இன்று யூடியூபில் கிடப்பவற்றில் பல அந்த டிஸ்குகளிலிருந்து ஏற்றியவைதான்.

டிஸ்க் கிடைத்துவிட்டது என்றாலும் முழுப்படம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரு விசிடியில் 74-லிருந்து 80 நிமிடம்தான் கொள்ளும். மூன்று டிஸ்க் போட்டால் செலவு என்று இரண்டிலேயே அடைத்த கம்பெனிகள் பாட்டையும் நகைச்சுவைப் பகுதியையும் வெட்டின. இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். படம் தொடங்குமுன் காட்டுகிற சென்சார் சான்றிதழில் நீளம் போட்டிருக்கும். அடியாக இருந்தால் 90-ஆல் வகுங்கள், மீட்டராக இருந்தால் 27.4-ஆல். 15,000 அடி என்றால் 166 நிமிடம் வர வேண்டும். உங்கள் டிஸ்க் 140 நிமிடத்தில் முடிந்தால் 26 நிமிடத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். கடையில் இருந்தபோது நான் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன், படத்துக்குப் படம்.

எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். இணையத்தில் பெயரை மட்டும் போடாதீர்கள், வருடத்தையும் இயக்குநரையும் சேர்த்துப் போடுங்கள். 2009-ல் வந்த படத்துக்கும் அதே பெயர் என்பதால்தான் உங்களுக்கு அது வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தேடும்போது 'பாதை'யை ஒருவர் ஒரு விதமாக எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு விதமாக. நாலைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். படம் இல்லாவிட்டாலும் பாட்டுப் புத்தகம் கிடைக்கும். கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் கதைச்சுருக்கமும் நடிகர் பெயர்களும் எல்லாப் பாடல்களும் இருக்கும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பெரும் சேகரிப்பு உண்டு. இங்கே காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டிஸ்க் கொட்டிவைத்திருப்பார்கள். காலையில் சீக்கிரம் போனால் நல்லது. வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த டிஸ்க் வேண்டாம்.

நான் பெரிதும் நம்புவது வீட்டு அலமாரிகளைத்தான். ஒரு காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் விருது வாங்கிய மாநில மொழிப் படங்களைப் போட்டது. டெக் வைத்திருந்தவர்கள் பதிவு செய்தார்கள். லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு மாறும்போது ஒரு பை கேசட்டை என்னிடம் கொடுத்தார். ஒன்றின் மேல் 'ஞாயிறு படம்' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டால் 'திக்கற்ற பார்வதி'! 1974-ல் ராஜாஜியின் கதையை சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது, லட்சுமி நடித்தது, வீணை சிட்டிபாபு இசை. முதல் பத்து நிமிடம் இல்லை, நடுவில் செய்தி வாசிப்பு வேறு. ஆனாலும் கடைகளில் எங்கும் கிடைக்காத படத்தை அன்று நான் தரையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள், இன்னொரு புதையல். பிரான்ஸிலிருந்து லீவில் வருகிறவர்கள் டெக்கும் கேசட்டும் கொண்டுவருவார்கள், பாரிஸில் தமிழ்க் கடைகளில் வாங்கிய படங்களும் இருக்கும். வீடியோவில் கலரைப் பதிகிற விதம் அப்போது இந்தியாவில் பால் (PAL) முறை, பிரான்ஸில் சேகம் (SECAM) முறை. ஒன்றில் பதிந்ததை மற்றதில் போட்டால் கலர் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் குப்பையில் போட்டார்களோ! டேப்பில் ஒன்றும் குறையில்லை, அதற்கேற்ற டெக்கில் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் தள்ளிவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஏறி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து ஈரம் போக்கி, பிறகு தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது. ஓட்டுகிறபோதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள், மறுமுறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை முழுக்கப் பார்த்து நினைவில் வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துவருகிறார்கள். 'உன்னைப்போல் ஒருவன்' நாவல் அச்சில் கிடைக்கிறது. வாங்கி, தினம் சாயங்காலம் கொஞ்சம் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தில் போனில் பதிவை ஓடவிடுங்கள். இந்த இடம் படத்தில் எப்படி வந்தது, சிட்டியாக நடித்த பையன் எப்படி இருந்தான், கிளிக்கூண்டை எங்கே வைத்திருந்தார்கள், கொட்டகையில் எத்தனை பேர் இருந்தார்கள், முடிந்ததும் ஜனங்கள் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தது எந்தக் கொட்டகை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் பால் டெக் ஒன்றும் சேகம் டெக் ஒன்றும் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில், திருப்பாதிரிப்புலியூரில், முதுநகரில் உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, எதுவும் எழுதாவிட்டாலும் சரி, பழைய கேசட் இருந்தால் வாங்கிவைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். தாத்தாவால் முடியுமென்றால் அவரையும் அழைத்துவாருங்கள்.